பிளாஸ்டிக் மினியேச்சருக்கு எந்தப் பசை? டெல்டா பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

மேசையில் வைத்து விளையாடும் போர் விளையாட்டுகளுக்கான பிளாஸ்டிக் வீரர்கள் உதிரி உதிரியாகத்தான் வருகிறார்கள். கை தனி, தலை தனி, வாள் தனி. பெட்டியைப் பிரித்ததும் வரும் முதல் சந்தேகம் பசையைப் பற்றியதுதான். தஞ்சாவூரிலோ மயிலாடுதுறையிலோ திருவாரூரிலோ இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் ஒரு கடை இருப்பதில்லை. அதனால் இங்கே கையில் கிடைக்கிற பசைகளையும், வெளியிலிருந்து வரவழைக்க வேண்டியவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

வீட்டில் ஃபெவிக்விக் இருக்கிறது. அதற்கு மேல் தனியாக ஒரு பசை எதற்கு?

இரண்டும் செய்கிற வேலை வேறு. ஃபெவிக்விக் போன்ற சூப்பர் க்ளூ இரண்டு துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, தானே ஒரு கெட்டியான படலமாகி, இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்கிறது. இழுத்தால் தாங்கும். ஆனால் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால், மேசையிலிருந்து கீழே விழுந்தால், அந்தப் படலம் கண்ணாடி மாதிரி விட்டுப்போகும். விளையாடும்போது வீரன் விழாமல் இருக்க மாட்டான்.

பிளாஸ்டிக் சிமெண்ட் என்பது கரைப்பான். அது இரண்டு பக்கத்துப் பாலிஸ்டைரீனை, அதாவது இந்த வீரர்களைப் பெரும்பாலும் வார்க்கிற கெட்டி பிளாஸ்டிக்கை, கொஞ்சம் இளக்குகிறது. இளகிய பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொள்கின்றன. பிறகு கரைப்பான் ஆவியாகிப் போய்விடுகிறது. அந்த இடத்தில் கடைசியில் பசை என்று எதுவும் மிஞ்சாது, பிளாஸ்டிக் மட்டும்தான் இருக்கும். வெல்டிங் வைத்ததற்குச் சமம். சரியாகச் செய்த இணைப்பை உடைக்கப் பார்த்தால் பெரும்பாலும் பக்கத்து இடம்தான் முதலில் உடையும்.

இன்னொரு நன்மையும் உண்டு. சிமெண்ட் போட்ட பிறகு சில நொடிகளுக்குத் துண்டை அசைத்துச் சரிசெய்யலாம். சூப்பர் க்ளூ அந்த அவகாசத்தைத் தராது. தோள் கோணலாக உட்கார்ந்தால் கோணல்தான்.

என் பொம்மை பாலிஸ்டைரீனா, வேறா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பசை வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். பலர் இதைக் கேட்பதே இல்லை.

உதிரிகள் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டியபடி வந்து, நீங்களே வெட்டி எடுக்க வேண்டியிருந்தால், அநேகமாக அது பாலிஸ்டைரீன். இந்தச் சட்டத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். இங்கிலாந்தின் நாட்டிங்காமைச் சேர்ந்த கேம்ஸ் வொர்க்ஷாப்பின் வார்ஹாமர் பிளாஸ்டிக் கிட்டுகளும், தமியா, ரெவெல் போன்றவர்களின் டேங்க், விமானக் கிட்டுகளும் பெரும்பாலும் இந்த வகை.

போர்டு கேம் பெட்டிக்குள் ஏற்கெனவே ஒட்டி முடித்து வருகிற, வாளை வளைத்தால் ரப்பர் போல வளைகிற உருவங்கள் பெரும்பாலும் மெத்தென்ற பி.வி.சி. இவற்றில் பிளாஸ்டிக் சிமெண்ட் பிடிக்காது. கோயில் திருவிழாக் கடையில் பையில் போட்டு விற்கும் பச்சைப் பட்டாள பொம்மைகள் வேறு ரகம். மெழுகு தடவியது போல வழுக்கினால் அது பாலிஎத்திலீன். அதில் சிமெண்டும் பிடிக்காது, சூப்பர் க்ளூவும் நிற்காது. துளை போட்டுக் கம்பி சொருகித்தான் இணைக்க வேண்டும்.

சந்தேகம் தீர ஒரு வழி: ஸ்ப்ரூவிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதன் மேல் ஒரு சொட்டு பிளாஸ்டிக் சிமெண்ட் வையுங்கள். சில நொடியில் இடம் பளபளப்பாகி, பல்குச்சியால் தொட்டால் பிசுபிசுவென்று இழுத்தால் பாலிஸ்டைரீன். சொட்டு அப்படியே காய்ந்துபோய் மேற்பரப்பு முன்போலவே இருந்தால் அது அச்சில் ஊற்றிச் செய்கிற ரெசினோ பி.வி.சி.யோ வேறொன்றோ. உருவத்தின் மேல் இந்தச் சோதனை வேண்டாம். ஸ்ப்ரூவில் மட்டும்.

பிளாஸ்டிக் சிமெண்டிலேயே மெல்லியது, கெட்டியானது என்று இருக்கிறதே. எதை வாங்குவது?

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மெல்லியதை வாங்குங்கள். தமியாவின் எக்ஸ்ட்ரா தின் சிமெண்ட், பச்சை மூடி, 40 மில்லி கண்ணாடிப் புட்டி. மூடியிலேயே சிறு தூரிகை இருக்கும். அசிட்டோனும் பியூட்டைல் அசிடேட்டும் சேர்ந்த கரைப்பான் அது. தண்ணீர் போல ஓடும்.

இதைப் பயன்படுத்தும் முறை மற்ற பசைகளுக்கு நேர்மாறானது. முதலில் பூசிவிட்டுப் பிறகு ஒட்டக் கூடாது. இரண்டு துண்டையும் பொருத்திப் பிடித்துக்கொண்டு, விளிம்பில் தூரிகை நுனியைத் தொட்டால் போதும். இடுக்கு வழியே தந்துகிக் கவர்ச்சியால் சிமெண்ட் தானே உள்ளே ஓடும். அதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: பிடித்திருக்கும் விரல் அந்த இடுக்கின் மேல் இருக்கக் கூடாது. சிமெண்ட் விரலுக்கு அடியிலும் ஓடும், எடுத்தால் உங்கள் கைரேகை வீரனின் கவசத்தில் பதிந்திருக்கும். அப்படிப் பதிந்தால் உடனே துடைக்க வேண்டாம். துடைத்தால் இன்னும் கெடும். முழுக்கக் காயவிட்டு, நைஸ் உப்புத்தாளால் தேய்த்து எடுக்கலாம்.

கெட்டியான வகையில் கரைப்பானோடு கொஞ்சம் பிளாஸ்டிக்கும் ஏற்கெனவே கரைந்திருக்கும். தமியாவின் ஆரஞ்சு மூடிப் புட்டி இந்த வகை. ரெவெலின் கான்டாக்டா ப்ரொஃபெஷனல் ஊசி முனையோடு வருகிறது. தோள்பட்டைக் குழி, குதிரையின் இரண்டு பாதி போன்ற அகலமான பரப்புகளுக்கு இவை நல்லவை. பூசிவிட்டு அழுத்தினால் விளிம்பில் லேசாகப் பிதுங்கும். அதைத் தொடாமல் விட்டு, மறுநாள் பிளேடால் சுரண்டினால் கோடே தெரியாது. ஊசி அடைத்துக்கொண்டால் மின்வயருக்குள் இருக்கும் ஒற்றைச் செம்பு இழையை உள்ளே விட்டு எடுங்கள். நெருப்பில் காட்டி அடைப்பை எரிக்கச் சொல்பவர்கள் உண்டு. தீப்பற்றும் பொருளோடு அது வேண்டாத வேலை.

எது வாங்கினாலும் குறைவாகப் போடுங்கள். நிறையப் போட்டால் பலம் கூடாது. முகத்தின் நுணுக்கமெல்லாம் கரைந்துபோகும்.

எவ்வளவு நேரம் காய வேண்டும்?

கையை எடுக்க ஒரு நிமிடத்துக்குள். அடுத்த துண்டைப் பொருத்தச் சில நிமிடங்கள். உப்புத்தாள் போடவோ, விளையாடவோ 24 மணி நேரம் விடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் சூப்பர் க்ளூ போட்ட இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூக்கிறது. பசை போலியா?

பசையைக் குறை சொல்ல வேண்டாம், காரணம் காற்றில் இருக்கிறது. சூப்பர் க்ளூவின் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். அது காய்ந்து கெட்டியாவதில்லை. பரப்பில் இருக்கிற ஈரத்தைத் தொட்டதும் சங்கிலியாகப் பிணைந்து கெட்டியாகிறது. 1942இல் அமெரிக்க வேதியியலாளர் ஹாரி கூவரின் குழு இதை முதலில் பார்த்தபோது, தொட்ட எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறது என்று ஒதுக்கியேவிட்டது. ஈரம் இல்லாத பரப்பு எங்கே இருக்கிறது? 1958இல்தான் அது விற்பனைக்கு வந்தது.

நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை நாட்களில் சுவரே வியர்க்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் மற்ற நாட்களிலும் காற்றில் பிசுபிசுப்பு உண்டு. அந்த ஈரத்தில் இரண்டு காரியம் நடக்கும். ஒன்று, பசை நினைத்ததைவிட வேகமாகப் பிடித்துக்கொள்ளும், திருத்த நேரம் கிடைக்காது. இரண்டு, பசையிலிருந்து கிளம்பும் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைத் தூளாக அக்கம்பக்கத்தில் படியும். நீங்கள் பார்க்கிற பூப்பு அதுதான்.

குறைக்க வழி: ஊசிமுனை அளவு மட்டும் போடுங்கள். ஒட்டியதை டப்பாவுக்குள் மூடி வைக்காதீர்கள், ஆவி வெளியேற இடம் வேண்டும். மின்விசிறியை நேராக வைக்காமல், காற்று மெல்ல நகரும் இடத்தில் வையுங்கள். பூத்தது பூத்துவிட்டால் கவலையில்லை, வண்ணத்துக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சான பிரைமர் அடித்ததும் மறைந்துவிடும். வண்ணம் பூசி முடித்த உருவமாக இருந்தால் மேட் வார்னிஷ் ஒரு பூச்சு பெரும்பாலும் சரிசெய்யும்.

விமானக் கண்ணாடி போன்ற ஒளி ஊடுருவும் துண்டுகளுக்குச் சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம், எந்த மாதமானாலும். மங்கிப்போகும். அதற்கு ஃபெவிகால் போதும். காய்ந்தால் நிறமில்லாமல் ஆகிவிடும்.

பிளாஸ்டிக் சிமெண்டுக்கு மழைக்காலத்தால் பெரிய தொல்லை இல்லை. அதற்கு எதிரி கத்திரி வெயில். சித்திரைக் கடைசியில், ஓட்டு வீட்டில், ஃபேன் காற்றுக்கு அடியில் உட்கார்ந்தால், தூரிகையிலிருந்து உருவத்துக்குப் போவதற்குள் பாதி ஆவியாகிவிடும். காலையில் வேலை செய்யுங்கள், ஒவ்வொரு தொடுதலுக்கும் மூடியை மூடுங்கள்.

போர்செட்டுக்கு பி.வி.சி. பைப் ஒட்டுகிற சொல்யூஷன் வீட்டில் நிறைய இருக்கிறது. அதுவும் கரைத்து ஒட்டுவதுதானே? தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், குளோரோஃபார்ம் பற்றியும் சொல்கிறார்களே?

நியாயமான கேள்வி. டெல்டாவில் மோட்டார் கொட்டகை இருக்கிற வீட்டில் எல்லாம் அந்த டப்பா இருக்கும். வேலை செய்யும் விதமும் ஒன்றேதான். ஆனால் அதிலிருக்கும் டெட்ராஹைட்ரோஃபியூரான், எம்.இ.கே. போன்ற கரைப்பான்கள் பாலிஸ்டைரீனை மிகவும் வேகமாகத் தின்றுவிடும். அதோடு பைப்புக்கான பி.வி.சி. கூழும் கலந்திருக்கும். இரண்டு அங்குலக் குழாய்க்கு அது சரி. நெல்மணியளவு கைக்கு அதைத் தடவினால் கை இருக்காது. பி.வி.சி. மினியேச்சருக்கும் இதைச் சொல்ல மாட்டேன், விரல்களெல்லாம் கூழாகும். அங்கே சூப்பர் க்ளூதான்.

பெயிண்ட் கடை என்.சி. தின்னரில் டொலுயீன், பியூட்டைல் அசிடேட், அசிட்டோன் மாதிரியான கரைப்பான்கள் இருக்கும். அது உண்மையிலேயே பாலிஸ்டைரீனை ஒட்டும். ஆனால் கடைக்குக் கடை கலவை மாறும், டொலுயீன் ஆவி உடம்புக்குக் கெடுதல். ஸ்ப்ரூ துண்டுகளை ஒட்டி இடிந்த சுவர், வேலி செய்து பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கிய வீரர்கள் மேல் வேண்டாம்.

நெயில் பாலிஷ் ரிமூவர் வீண். அசிட்டோன் மட்டும் பாலிஸ்டைரீனை ஊதவைத்துக் குழைக்குமே தவிர ஒழுங்காக இணைக்காது. அதோடு அதில் எண்ணெயும் வாசனையும் வேறு. அசிட்டோன் இல்லாத ரகம் என்றால் அதுகூட நடக்குமென்று சொல்ல முடியாது.

பெயர்ப்பலகைக் கடைகளில் அக்ரிலிக் ஒட்ட வைத்திருக்கும் குளோரோஃபார்மைக் கேட்டு வாங்கிவரும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நன்றாகத்தான் ஒட்டும், நானும் மறுக்கவில்லை. ஆனால் ஈரலைக் கெடுக்கும் பொருள் அது. மூடிய அறையில் பொம்மைக்காக அதை மூச்சில் இழுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. பெட்ரோலும் அப்படித்தான், கிட்டேயே கொண்டுவராதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து மாமா திருச்சி வழியாக வருகிறார். இரண்டு புட்டி சிமெண்ட் வாங்கிவரச் சொல்லலாமா?

வேண்டாம். வீரர்கள், தூரிகை, வெட்டுக் குறடு எல்லாம் சொல்லுங்கள். சிமெண்டைச் சொல்லாதீர்கள். எளிதில் தீப்பற்றும் திரவப் பசை கைப்பெட்டியிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது என்பது விமானப் பயண விதி. பிடித்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பிடிக்காமல் போனால் அது அதைவிட மோசம், மாமா உட்கார்ந்திருக்கும் அதே விமானம்தானே. உள்நாட்டில் ஆன்லைனில் வாங்குங்கள். தரைவழியாக வருவதால் நாளாகும். பொங்கல் லீவுக்கு வேண்டுமென்றால் மார்கழி ஆரம்பத்திலேயே சொல்லிவையுங்கள்.

ரெசின், உலோகம், 3டி பிரிண்டரில் அடித்த உருவங்களுக்கு?

மூன்றுக்கும் சூப்பர் க்ளூ. பிளாஸ்டிக் சிமெண்ட் ரெசினை இளக்காது, உலோகத்தைச் சொல்லவே வேண்டாம். ரெசின் துண்டுகளை முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து எளிதில் கழன்று வரப் பூசிய எண்ணெய்ப் பசை மேலே இருக்கும், அதன் மேல் எதுவும் பிடிக்காது. ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்த்து, முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கனமான உலோக டிராகனின் இறக்கை போன்றவற்றுக்குப் பசை மட்டும் போதாது. இரண்டு பக்கமும் சிறு துளை போட்டு, பேப்பர் கிளிப் கம்பியை வெட்டிச் சொருகி, பிறகு ஒட்டுங்கள். அங்கே அரால்டைட் போன்ற இரண்டு டியூப் எபாக்ஸி இன்னும் நல்லது. சம அளவு கலக்க வேண்டும், மெதுவாகப் பிடிக்கும், ஆனால் அடியைத் தாங்கும். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ எந்த ஹார்டுவேர் கடையிலும் கேட்டுப்பாருங்கள், கிடைக்கும். ஆயுதம் மாற்றிப் போடக் காந்தம் வைப்பவர்களுக்கும் அதையே சொல்வேன். ஒட்டுவதற்கு முன் காந்தத்தின் முகம் எந்தப் பக்கம் என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபெவிகாலுக்கு இந்த வேலையில் இடமே இல்லையா?

நிறைய இருக்கிறது, உருவத்தை ஒட்டுவதில் மட்டும் இல்லை. வீரன் நிற்கிற வட்டத் தட்டில் மண் தரை செய்ய ஃபெவிகாலுக்கு மேல் ஒன்றும் இல்லை. காவிரி மணலைத் தேநீர் வடிகட்டியில் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் கொஞ்சம் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைப் பூசி, மணலில் அமுக்கி, மறுநாள் தட்டிவிடுங்கள். அப்புறம் இன்னும் அதிகம் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மேலே ஒரு முறை விட்டால் மணல் உதிராது. கடற்கரை மணலானால் பலமுறை கழுவி உப்பை எடுத்துவிடுங்கள்.

தெர்மாகோலில் குன்று, கோட்டை செய்கிறவர்களும் ஃபெவிகாலைத்தான் எடுக்க வேண்டும். தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான், உள்ளே காற்று நிறைந்தது. பிளாஸ்டிக் சிமெண்ட் பட்டால் பள்ளமாகக் கரைந்து உள்ளே போய்விடும். சாதாரணச் சூப்பர் க்ளூவும் அதை அரிக்கும். ஸ்ப்ரே பெயிண்டும் அப்படியே. முதலில் ஃபெவிகால் பூச்சு, காய்ந்ததும் அதன் மேல் பெயிண்ட்.

ஒட்டின இடத்தில் இடைவெளி தெரிகிறது.

சிறு இடைவெளிக்கு ஸ்ப்ரூ கூழ் செய்துகொள்ளுங்கள். வெறும் ஸ்ப்ரூவை மிளகளவு துண்டுகளாக நறுக்கி, ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் பிளாஸ்டிக் சிமெண்டோடு ஊறவிடுங்கள். ஒரு நாளில் தயிர் பதத்துக்கு வரும். அதை இடுக்கில் வைத்தால் அதே பிளாஸ்டிக்கால் அடைத்தது போலாகும். நன்றாகக் காய இரண்டு மூன்று நாள் கொடுத்து, பிறகு தேயுங்கள். எம்-சீலைப் பலர் கேட்கிறார்கள். தட்டில் பாறை, மரவேர் செய்ய அது அருமையானது. முகம், கழுத்து அளவு நுணுக்கத்துக்கு அது சொரசொரப்பு.

வண்ணம் பூசிய பிறகு ஒட்டலாமா?

ஒட்டலாம், ஆனால் இணையும் பரப்பில் வண்ணம் இருந்தால் சிமெண்ட் பிளாஸ்டிக்கைத் தொடாது. அந்த இடத்தை மட்டும் பிளேடால் சுரண்டிப் பிளாஸ்டிக்கை வெளியே காட்டுங்கள்.

தப்பாக ஒட்டிவிட்டேன். பிரிக்க முடியுமா?

சூப்பர் க்ளூவானால் முடியும். உருவத்தைப் பையில் போட்டு ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் பசை நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், மெல்லத் திருகினால் கழன்றுவரும். பிளாஸ்டிக் சிமெண்டானால் காய்ந்த பிறகு பிரிப்பதற்கு அங்கே இரண்டு துண்டு இல்லை. நைஸ் ரம்பத்தால் அறுக்கத்தான் வேண்டும். அதனால்தான் பசை இல்லாமல் ஒரு முறை எல்லாவற்றையும் பொருத்திப் பார்க்கச் சொல்கிறேன்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். என்னென்ன கவனிக்க வேண்டும்?

முதலில் நெருப்பு. பிளாஸ்டிக் சிமெண்டின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். சாயங்காலம் ஆனால் நம் வீடுகளில் ஒரு மூலையில் விளக்கு எரியும், காலுக்கடியில் கொசுவத்திச் சுருள் புகையும். அந்த நேரத்தில் புட்டியைத் திறக்காதீர்கள். கொசுத் தொல்லை என்றால் வலை அடித்த ஜன்னல் பக்கம் உட்காருங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

இரண்டாவது, பருத்தித் துணி. சூப்பர் க்ளூ பருத்தியில் கொட்டினால் வேகமாக வினைபுரிந்து சூடேறும், தோலைச் சுடும் அளவுக்கு. பருத்தி வேட்டி, லுங்கி கட்டிக்கொண்டு மடியில் வைத்து ஒட்டாதீர்கள். பஞ்சால் துடைக்கவும் வேண்டாம்.

விரல் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவியபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இமையைப் பிய்க்கக் கூடாது. பத்து வயதுப் பிள்ளை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டலாம், சுரண்டலாம், மணல் ஒட்டலாம். சிமெண்ட் புட்டி பெரியவர் கையில் இருக்கட்டும், வேலை முடிந்ததும் பூட்டுகிற அலமாரிக்குப் போகட்டும்.

கொலுவில் வைக்கிற தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் விளிம்பு உடைந்துவிட்டது. இதே பசை ஆகுமா?

காகிதக் கூழிலோ மண்ணிலோ செய்ததென்றால் பிளாஸ்டிக் சிமெண்ட் ஒன்றும் செய்யாது, மேலே இருக்கிற வண்ணத்தைத்தான் கரைக்கும். ஃபெவிகால் தொட்டு, ரப்பர் பேண்டால் கட்டி ஒரு இரவு விடுங்கள். பசையைக் குறைவாக வையுங்கள். ஒரு பக்கம் கனம் கூடினால் ஆட்டம் மாறிப்போகும்.

மீதிப் பசையை எப்படி வைப்பது?

திறக்காத சூப்பர் க்ளூவை ஃப்ரிட்ஜில் வைக்கலாம். எடுத்ததும் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே நீர்த்துளி கோத்துக்கொள்ளும். திறந்த டியூபை, செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். மழைக்காலத்துக்குச் சின்ன டியூபாக வாங்குவதே லாபம்.

சிமெண்ட் புட்டியின் கழுத்தை மூடுவதற்கு முன் துடைத்துவிடுங்கள், மூடி ஒட்டிக்கொள்ளாது. வேலை செய்யும்போது அந்தப் புட்டி சுலபமாகச் சாயும். ஒரு கனமான மரக்கட்டையில் புட்டி அளவுக்குக் குழி போட்டு அதற்குள் நிறுத்துங்கள். தச்சரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் போட்டுத் தருவார்.